தையல் கடைக்கு ஒரு ஆப்: அடிப்படையை எங்கிருந்து பிடிப்பது?

நூல்கண்டு

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ராஜபாளையம். பி.காம். முடித்துவிட்டு ஒரு மில் ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். எக்செல் கைவந்த கலை. பிளஸ் டூவில் கணினிப் பயன்பாடுகள் எடுத்திருந்ததால் எச்டிஎம்எல், பிஎச்பி என்றால் பயமில்லை. அதோடு சரி.

என் மதினி வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறார். ப்ளவுஸும் சுடிதாரும்தான் அதிகம். அளவெல்லாம் நீள நோட்டில் இருக்கிறது. பழைய ஆள் யாராவது வந்து "போன தடவை அளவே போடுங்க" என்றால் அன்றைக்கு நோட்டைப் புரட்டுவதே வேலை. ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். பக்கத்திலேயே "டீச்சர் வீடு", "தண்ணித் தொட்டி பக்கம்" என்று எழுதி வைத்திருப்பார். இதற்கு ஒரு ஆண்ட்ராய்டு ஆப் நானே செய்ய ஆசை. ரெடிமேடாகக் கிடைக்கும் என்று தெரியும், ஆனால் கற்றுக்கொள்வதுதான் முதல் நோக்கம்.

தேட ஆரம்பித்த பிறகுதான் குழப்பம். ஜாவா, கோட்லின், ஃபிளட்டர், ரியாக்ட் நேட்டிவ் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பக்கத்து ஊரில் ஒரு சென்டர் மொத்தமாகக் கற்றுத்தர 38,000 ரூபாய் கேட்கிறது. யூடியூபில் பார்த்தால் ஒருவர் சொல்வதும் இன்னொருவர் சொல்வதும் வேறு வேறு மொழி போல இருக்கிறது. என் லேப்டாப்பில் ராம் 8 ஜிபி. நெட் என்றால் போனில் வருகிற தினசரி 1.5 ஜிபிதான்.

எதில் தொடங்குவது? "அடிப்படை" "அடிப்படை" என்று எல்லோரும் சொல்கிறார்களே, மொபைல் ஆப்பில் அடிப்படை என்றால் எது?

வைகைக்கரை

சகோ, யோசிக்காம ஃபிளட்டர் போங்க. ஒரே கோடு (அதான், நாம எழுதுற புரோகிராம்), ஆண்ட்ராய்டு ஐபோன் ரெண்டுலயும் ஓடும். டார்ட் மொழி சீக்கிரம் வந்துரும். நாளைக்கு வேலைக்குப் போறதா இருந்தாலும் கை கொடுக்கும். 38,000 எல்லாம் கொடுக்காதீங்க, எல்லாமே நெட்ல சும்மா கிடைக்குது.

மாட்டுத்தாவணி

வைகைக்கரை சொன்னதில் கடைசி வரிக்கு என் முழு ஓட்டு. ஃபிளட்டர் பற்றி அப்புறம் வருகிறேன்.

நூல்கண்டு, நான் ஜாவாவில் ஆண்ட்ராய்டு எழுதிய காலத்திலிருந்து இதில் இருக்கிறேன். ஆபீஸில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரம் சொல்லிக்கொடுப்பதும் என் தலையில்தான் விழும். கல்லூரியில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள், ஏதாவது ஒரு ஆப் செய்து காட்டித்தான் உள்ளே வருவார்கள். அந்த ஆப்பை வாங்கி, படிவத்தில் பாதி நிரப்பிவிட்டு, போனைப் படுக்கவாட்டில் திருப்புவேன். நிரப்பியதெல்லாம் காணாமல் போகும். பிள்ளை முகத்தில் ஈ ஆடாது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில் அங்கேதான் இருக்கிறது. மொழி எதுவானாலும் இரண்டு மாதம் உட்கார்ந்தால் வந்துவிடும். கம்ப்யூட்டர் புரோகிராமுக்கும் மொபைல் ஆப்புக்கும் உள்ள வித்தியாசம் என்னவென்றால், போனில் உங்கள் ஆப்புக்கு எந்த நிமிடமும் உயிர் போகலாம். நீங்கள் மூடாமலே போகும். கால் வரும், மதினி வாட்ஸ்அப்பைத் திறப்பார், கேமராவைத் திறப்பார். போனில் மெமரி போதவில்லை என்றால் பின்னால் கிடக்கும் உங்கள் ஆப்பைச் சிஸ்டம் கேட்காமல் கொன்றுவிடும். அதில் தவறே இல்லை. ஆண்ட்ராய்டும் ஐபோனும் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் மதினி திரும்பி வரும்போது, பாதி எழுதிய அளவு அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் எதிர்பார்ப்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேலைதான் மொபைல் ஆப்பின் அடிப்படை. பட்டன் நிறம் எல்லாம் பிறகு.

சரி, நடைமுறைக்கு வருவோம். உங்களுக்கு மொழி கோட்லின், திரை வரைய ஜெட்பேக் கம்போஸ். காரணம் எளிது: மதினியிடம் ஆண்ட்ராய்டு போன், கடை ஒன்று, ஆப் ஒன்று. ஐபோனுக்கும் சேர்த்து எழுத உங்களுக்கு அவசியமே இல்லை. 2017-இல் கூகுள் கோட்லினை ஆண்ட்ராய்டுக்கு அதிகாரபூர்வமாக ஏற்றது, 2019-இல் இனி கோட்லினுக்கே முதலிடம் என்று அறிவித்தது. திரையை வரையும் கம்போஸ் 2021 ஜூலையில் முழு வடிவம் பெற்றது. இந்த மூன்று வருடங்களை மனதில் வைத்துக்கொண்டால் யூடியூப் குழப்பம் பாதி தீரும். ஒரு பாடத்தில் திரையை எக்ஸ்எம்எல் கோப்பில் வரைகிறார்கள், ஃபைண்ட்வியூபைஐடி என்று வருகிறது, அசிங்க்டாஸ்க் என்று வருகிறது என்றால் அது பழைய காலப் பாடம். தப்பில்லை, வேலைக்குச் சேர்ந்தால் பழைய கோடும் கையில் வரும். தொடங்குகிறவருக்கு இரண்டையும் கலந்து ஊட்டினால் அஜீரணம்தான். ஏஐயிடம் கேட்டாலும் சில நேரம் இதே கலவைச் சாதம் வருகிறது. கேளுங்கள், ஆனால் வருவதில் ஒவ்வொரு வரியும் எதற்கு என்று சொல்ல முடியாத கோடை ஒட்டாதீர்கள்.

கூகுளே இலவசமாக "ஆண்ட்ராய்டு பேசிக்ஸ் வித் கம்போஸ்" என்ற பாடம் வைத்திருக்கிறது. ஆங்கிலம்தான், ஆனால் படிப்படியாகச் செய்துகாட்டும். அதற்கு முன் கோட்லினை மட்டும் தனியாகப் பாருங்கள். பிரவுசரிலேயே ஓடும் கோட்லின் பிளேகிரவுண்ட் இருக்கிறது, எதையும் நிறுவ வேண்டாம், போனிலேயே பழகலாம். வால், வார், ஃபங்ஷன், லிஸ்ட், டேட்டா கிளாஸ், அப்புறம் நல் (காலி மதிப்பு) பாதுகாப்பு. இந்த அளவு போதும். நல்லை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். "கை நீளம் இன்னும் எடுக்கவில்லை" என்பதும் "கை நீளம் பூஜ்யம்" என்பதும் வேறு அல்லவா? கோட்லினில் முதலாவது நல், இரண்டாவது 0. கேள்விக்குறி போட்டு, இது காலியாக இருக்கலாம் என்று நீங்களே அறிவித்தால்தான் காலியாக இருக்க விடும். கைலெஸ் ப்ளவுஸ் தைக்கும் கடைக்கு இது ரொம்ப முக்கியம்.

லேப்டாப். 8 ஜிபியில், ஆப் எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ ஓடும். எமுலேட்டரையும் (லேப்டாப்புக்குள் ஓடும் போலிப் போன்) சேர்த்து ஓட்டினால் திணறும், எனவே அந்தப் பக்கமே போகாதீர்கள். உங்கள் போனில் செட்டிங்ஸ் போய், பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து கேபிளில் மாட்டுங்கள். போன் லேப்டாப்பில் தெரியவில்லையென்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றி டேட்டாவைக் கடத்தாத கேபிள்கள் வீட்டுக்கு வீடு உண்டு. எப்படியும் நிஜ போனில் ஓட்டிப் பார்ப்பதுதான் நல்லது. கால் வந்தால் என்ன ஆகிறது என்று எமுலேட்டரில் பார்ப்பதைவிட, யாரையாவது கூப்பிடச் சொல்லிப் பார்ப்பது சுலபம்.

நெட்டுக்கு ஒரு எச்சரிக்கை: ஸ்டூடியோவைப் பதிவிறக்குவதோடு முடியாது. முதல் புராஜெக்டைத் திறந்ததும் கிரேடில் என்ற ஒன்று தனக்கு வேண்டிய லைப்ரரிகளை (பிறர் எழுதி வைத்த கோடுத் தொகுப்புகளை) இழுக்கும், எஸ்டிகே என்ற ஆண்ட்ராய்டு கருவித்தொகுப்பு தனியாக இறங்கும். 1.5 ஜிபி ஒரே மூச்சில் காலி. வைஃபை இருக்கும் வீட்டுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் அந்த ஒரு நாள் வேலையை முடித்துவிடுங்கள். அதன்பிறகு ஆஃப்லைனிலேயே பெரும்பாலும் ஓட்டலாம்.

முதல் பயிற்சி இதுதான். ஒரே ஒரு திரை. பெயர், மார்பு, இடுப்பு மூன்று கட்டம். சேமிக்கக்கூட வேண்டாம். அதை ஓட்டி, பாதி நிரப்பி, போனைத் திருப்புங்கள். பிறகு டெவலப்பர் ஆப்ஷன்ஸில் "டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்" என்று ஒன்று இருக்கும், அதை ஆன் செய்துவிட்டு மறுபடி பாதி நிரப்பி, ஹோம் பட்டனை அழுத்தி, வேறு எதையாவது திறந்துவிட்டு வாருங்கள். ஒவ்வொரு தடவையும் எது தங்கியது, எது போனது என்று எழுதி வையுங்கள். அதோடு வாருங்கள், பேசுவோம்.

ஃபிளட்டர்: நல்ல கருவி, 2018 கடைசியில் முதல் பதிப்பு வந்ததிலிருந்து பார்க்கிறேன். வேலை தேடுகிறவர் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். ஆனால் மேலே சொன்ன உயிர் போகிற கதை ஃபிளட்டரிலும் அப்படியே செல்லும். சிஸ்டம் ஆப்பைக் கொல்லும்போது எந்த மொழியில் எழுதினாய் என்று கேட்காது.

பீளமேடு

ஐபோன் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை, யாராவது பின்னால் படிப்பவர்களுக்காக. ஐபோன் ஆப் எழுதும் மென்பொருளான எக்ஸ்கோடு, ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும், அதனால் மேக் இல்லாமல் இந்தப் பக்கம் வருவது கஷ்டம். ஆப் ஸ்டோரில் போட வருடத்துக்கு 99 டாலர். சும்மா கிடைக்கிற கணக்கில் சொந்த ஐபோனில் போட்டுப் பழகலாம், ஆனால் அப்படிப் போட்டது ஏழு நாளில் காலாவதியாகும், மறுபடி மேக்கில் மாட்டி ஏற்ற வேண்டும். மொழி ஸ்விஃப்ட், திரைக்கு ஸ்விஃப்ட்யூஐ. மாட்டுத்தாவணி அக்கா சொன்ன உயிர் போகிற கதை இங்கேயும் அப்படியேதான். கம்போஸ் தெரிந்தவர் ஸ்விஃப்ட்யூஐ பார்த்தால் பாதி புரிந்துவிடும்.

நூல்கண்டு

அக்கா, மிக்க நன்றி. சித்தப்பா வீட்டு வைஃபையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன். கோட்லின் நன்றாகவே பிடிபடுகிறது.

ஆனால் திரை போட்டதும் ஒரு விசித்திரம். பெயர்க் கட்டத்தைத் தொட்டால் கீபோர்டு வருகிறது, எவ்வளவு தட்டினாலும் கட்டத்தில் எழுத்தே விழவில்லை! எரரும் இல்லை. போன் கெட்டுவிட்டதோ என்றுகூட நினைத்தேன். நெட்டில் பார்த்து ரிமெம்பர் என்று ஒன்றைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. ஏன் என்று புரியவில்லை.

நீங்கள் சொன்னபடி செய்த பட்டியல்: ரிமெம்பர் மட்டும் போட்டால், போனைத் திருப்பியதும் எல்லாம் காலி. ரிமெம்பர்சேவபிள் என்று மாற்றினால் திருப்பினாலும் தங்குகிறது, "டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்" போட்டாலும் தங்குகிறது. வியூமாடல் என்பதில் வைத்துப் பார்த்தேன்: திருப்பினால் தங்குகிறது, அந்த ஆப்ஷன் போட்டால் போய்விடுகிறது. அப்படியானால் ரிமெம்பர்சேவபிள் இருக்க, வியூமாடல் எதற்கு? எல்லாவற்றையும் அதிலேயே போட்டுவிட்டால் என்ன?

இன்னொன்று. ரீசன்ட் ஆப்ஸில் போய் மேலே தள்ளி மூடினால் எதுவுமே தங்கவில்லையே?

மாட்டுத்தாவணி

இந்தப் பட்டியலைச் சொந்தமாகச் செய்து பார்த்தீர்கள் பாருங்கள், அந்த 38,000-த்தில் பாதி மிச்சம்.

எழுத்து விழாத விஷயம். கம்போஸில் அந்தக் கட்டம் தானாக எதையும் வைத்துக்கொள்ளாது. "காட்ட வேண்டியது இது" என்று நீங்கள் கொடுப்பதை மட்டும் காட்டும். நீங்கள் 'க' என்று தட்டினால், "க என்று தட்டியிருக்கிறார்கள், என்ன செய்ய?" என்று உங்கள் கோடிடம் கேட்கும். நீங்கள் அதை எங்கும் குறித்துக்கொள்ளாமல் பழைய காலி மதிப்பையே திரும்பக் கொடுத்தால், காலியாகவே காட்டும். சொன்னதைச் செய்யும் பிள்ளை, அதனால் எரரும் வராது. நிலை மாறியதும் திரையை வரையும் ஃபங்ஷன் மறுபடி முதலிலிருந்து ஓடும். அப்போது அதற்குள் இருக்கும் சாதாரண மாறி மறுபடி காலியாகப் பிறக்கும். ரிமெம்பர் என்பது "மறுபடி ஓடும்போது பழையதைக் கொடு" என்று சொல்வது. இது உள்ளே இறங்கிவிட்டால் கம்போஸ், ஸ்விஃப்ட்யூஐ, ஃபிளட்டர், ரியாக்ட் எல்லாமே ஒரே குடும்பம் என்று தெரியும். எக்செலில் கலத்தை மாற்றினால் மொத்தம் தானாக மாறுகிறதே, நீங்கள் போய் மொத்தத்தை மாற்றுவதில்லையே, அதே புத்திதான் இங்கேயும் வேண்டும்.

ரிமெம்பர்சேவபிள் என்பது பஸ் சீட்டில் துண்டு போட்டுவிட்டு டீ குடிக்க இறங்குவது. சிஸ்டம் உங்கள் ஆப்பைக் கொன்றாலும் அந்தத் துண்டைத் தன் கையில் வைத்திருந்து, ஆள் திரும்பி வந்ததும் கொடுக்கிறது. ஆனால் போடக்கூடியது துண்டு மட்டும்தான், மூட்டை முடிச்சை ஏற்றக் கூடாது. அந்த வழியில் போகும் மொத்தச் சுமைக்கு ஏறத்தாழ 1 எம்பி வரம்பு உண்டு. மீறினால் ஆப் விழும். மதினியின் மொத்த வாடிக்கையாளர் பட்டியலை அதில் வைக்க முடியாது. தட்டிக்கொண்டிருக்கும் பெயர், எந்த வாடிக்கையாளரைத் திறந்திருக்கிறார் என்ற எண், இப்படிச் சின்னச் சின்னவற்றுக்கு மட்டும். வியூமாடல் பெரியதைத் தாங்கும், திரை திரும்பினாலும் இருக்கும், ஆப் செத்தால் கூடவே சாகும். செத்தாலும் பரவாயில்லை, ஏனென்றால் அதில் இருப்பதை டேட்டாபேஸிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

ரீசன்ட்ஸில் தள்ளி மூடினால் துண்டையும் சிஸ்டம் தூக்கிப் போட்டுவிடும். "எனக்கு வேண்டாம்" என்று பயனர் சொன்னதாக அதற்குப் பொருள். அதனால் உண்மையிலேயே தங்க வேண்டியது எதுவோ அது டேட்டாபேஸுக்குள் போயே ஆக வேண்டும். ஆண்ட்ராய்டில் எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, அதன்மேல் ரூம் என்ற லைப்ரரியைப் போட்டு எழுதுவோம்.

ரூமுக்கு வந்ததும் ஒரு சுவரில் முட்டுவீர்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். திரையை வரைகிற வேலை முழுக்க மெயின் திரெட் என்ற ஒரே ஒரு திரெட்டில் (வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் வரிசையில்) நடக்கிறது. நொடிக்கு 60 தடவை திரை புதுப்பிக்கும் போனில் ஒவ்வொரு தடவைக்கும் கிடைப்பது சுமார் 16 மில்லிசெகண்ட். அதே திரெட்டில் டேட்டாபேஸைத் தோண்டினால் திரை தடுமாறும். தொட்டதற்கு 5 நொடி பதில் வராமல் போனால் "ஆப் பதிலளிக்கவில்லை" என்று ஆண்ட்ராய்டே பெட்டி போட்டுவிடும். அதனால் மெயின் திரெட்டில் டேட்டாபேஸைக் கேட்டால் ரூம் நேரடியாக எரர் அடித்து ஆப்பை நிறுத்தும். அதை அனுமதிக்க ஒரு ஒற்றை வரி இருக்கிறது, தேடினால் முதல் பதிலிலேயே வரும். போடாதீர்கள். இந்த வேலையை மெயின் திரெட்டை விட்டு நகர்த்தத்தான் சஸ்பெண்ட் ஃபங்ஷனும் கோருட்டீனும்; அவை எதற்கு என்பது அந்த எரரைப் பார்த்த பிறகு படித்தால் ஒரே நாளில் புரியும். பார்க்காமல் படித்தால் வெறும் தத்துவம்.

ஆப் விழுந்தால் ஸ்டூடியோவில் லாக்கேட் என்ற பகுதியில் சிவப்பாக நாற்பது ஐம்பது வரி கொட்டும். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். "காஸ்டு பை" என்று தொடங்கும் கடைசி வரியைத் தேடுங்கள், அதற்குக் கீழே உங்கள் கோப்பின் பெயர் முதலில் எங்கே வருகிறதோ அந்த வரி எண்ணுக்குப் போங்கள். பெரும்பாலும் வேலை அங்கேதான்.

இப்போது மதினியின் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டேபிள் போடுங்கள், ஸ்டூடியோவைத் திறக்காமல், காகிதத்தில். எக்செல் பழக்கத்தில் ஆளுக்கு ஒரு வரிசை, அளவெல்லாம் அதே வரிசையில் என்று போடத் தோன்றும். ஆள் வேறு, அளவு வேறு. ஒருவருக்குப் பிள்ளை பிறந்த பிறகு அளவு மாறும்; பழைய அளவும் தேதியோடு இருந்தால்தான் "அந்தப் பச்சை ப்ளவுஸ் மாதிரி" என்று கேட்கும்போது எடுக்க முடியும். எனவே அளவுக்குத் தனி டேபிள், தேதியோடு. ஆளை அடையாளம் காட்டப் போன் நம்பரைச் சாவியாக வைக்காதீர்கள். அம்மா, மகள், மாமியார் மூன்று பேருக்கும் ஒரே நம்பர் கொடுக்கிற ஊர் நம்முடையது. தானாக ஏறும் எண் ஒன்றைச் சாவியாக வையுங்கள். "தண்ணித் தொட்டி பக்கம்" என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும்; மதினி தேடுவது அதை வைத்துத்தான்.

அளவை எப்படிச் சேமிப்பது? தையல்காரர் வாயில் வருவது பதினாலேகால், முப்பத்தாறரை. டேப்பில் அரைக்கால் வரைக்கும் போகும், அதாவது எட்டில் ஒரு பங்கு. கீபோர்டில் கால் என்ற பட்டன் கிடையாது. மதினி 14.1 என்று அடித்தால் அது பதினாலேகாலா, பதினாலு புள்ளி ஒன்றா? நான் செய்தால் முழு எண்ணுக்கு எண் கீபோர்டு, பக்கத்தில் அரைக்கால், கால், அரை, முக்கால் என்று நாலு பட்டன், உள்ளே எட்டில் எத்தனை என்று முழு எண்ணாகச் சேமிப்பு. பதினாலேகால் என்றால் 114. கம்ப்யூட்டர் புள்ளி வைத்த எண்ணையும் இரண்டடிமானத்தில் வைப்பதால் எட்டில் ஒரு பங்கு பிசகாமல் நிற்கும் என்பது உண்மைதான், பத்தில் ஒரு பங்குதான் பிசகும். ஆனாலும் முழு எண்ணாக வைத்தால் டேப்பில் இல்லாத 14.1 போன்ற அளவு உள்ளே நுழைய வழியே இருக்காது. கூலியும் அட்வான்ஸும் ரூபாய்தானே, அதற்கும் முழு எண்ணே போதும்.

பெர்மிஷன் கேட்டுக் கேட்டு ஆளைப் பயமுறுத்தாதீர்கள். வாடிக்கையாளரைக் கூப்பிட டயல் திரையைத் திறந்துவிட்டாலே போதும், அதற்கு எந்த அனுமதியும் வேண்டாம்; நேரடியாகக் கால் போட்டால்தான் வேண்டும். மாடல் படம் சேர்க்க போட்டோ பிக்கர் இருக்கிறது, அதற்கும் வேண்டாம்.

எழுத்தாணி

நான் ஆப் எழுதுகிறவன் இல்லை. டிடிபி, நூல் அச்சு. ஆனால் பெயர்ப்பட்டியல் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றியது. ஆப்பில் பெயர்களை அகர வரிசையில் அடுக்கச் சொன்னால் பெரும்பாலும் தவறாகத்தான் வரும். கனகா, கலா, கவிதா என்று அடுக்கும். தமிழ் வரிசைப்படி கலா, கவிதா, கனகா. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுக்கும் யூனிகோடு அட்டவணையில் ந-வுக்கு அடுத்த இடத்தில் ன உட்கார்ந்திருக்கிறது, நமக்கோ அது பதினெட்டாவது மெய். மெய்யெழுத்தும் அப்படியே: அகராதியில் கண்மணி முன்னால், கணேசன் பின்னால். எண் வரிசையில் அடுக்கினால் தலைகீழாகும், ஏனென்றால் அட்டவணையில் புள்ளி எல்லாக் கொம்புக்கும் காலுக்கும் பின்னால் இருக்கிறது. ஜெயா தேவிக்கு முன்னால் வந்து நிற்பதும் இந்த எண் வரிசையால்தான். வாக்காளர் பட்டியல் போல நீளமான பட்டியல்களை அடுக்கிப் பார்த்து நொந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மாட்டுத்தாவணி

எழுத்தாணி ஐயா, இதைச் சொல்ல மறந்திருந்தேன், நன்றி. நூல்கண்டு, இதற்குக் கொலேட்டர் என்று ஜாவாவிலேயே ஒன்று இருக்கிறது. தமிழ் லோகேல் (எந்த மொழி என்ற குறிப்பு) கொடுத்து எடுத்தால் நம் வரிசைப்படி அடுக்கும். சில நூறு பெயர்தானே, டேபிளிலிருந்து எடுத்த பிறகு கோட்லினில் அடுக்கிக்கொள்ளுங்கள்.

தேடலிலும் ஒரு சிக்கல் வரும். 'கொ' என்பதை ஒரு கீபோர்டு ஒற்றைக் குறியாகச் சேர்த்து எழுதும், இன்னொன்று கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடும். கண்ணுக்கு ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிட்டால் "கொடி" தேடினால் கொடி கிடைப்பாள்.

தமிழ் என்றதும் இன்னொன்று. "முன் கழுத்து இறக்கம்" என்பது ஆங்கிலத்தில் வருவதைவிட நீளம். லேபிளுக்கும் பட்டனுக்கும் அகலத்தை எண்ணால் பூட்டாதீர்கள். போனில் எழுத்தளவைக் கடைசி வரை பெரிதாக்கி, எல்லாத் திரையையும் ஒரு தடவை பாருங்கள். கண்ணாடி போட்டுத் தைக்கிறவர்கள் போனில் அப்படித்தான் வைத்திருப்பார்கள்.

நூல்கண்டு

மதினி போனும் அப்படித்தான், ஒரு திரையில் நாலு வரிதான் தெரியும்!

ரூம் போட்டுவிட்டேன், நீங்கள் சொன்ன எரரும் வந்தது, கோருட்டீனும் புரிந்தது. கொலேட்டரும் வேலை செய்கிறது. இப்போது மதினி போனில் போட்டுக் கொடுக்கலாமா? பிளே ஸ்டோரில் போடத்தான் வேண்டுமா?

மாட்டுத்தாவணி

ஒரு கடைக்கு பிளே ஸ்டோர் வேண்டாம். கணக்குத் திறக்க ஒரே தடவை 25 டாலர். தனிநபர் பெயரில் புதிதாகத் திறந்தால், எல்லோருக்கும் வெளியிடும் முன் 12 பேரையாவது வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதனை நடத்திக் காட்ட வேண்டும். 2024 டிசம்பருக்கு முன் 20 பேர் என்று இருந்தது. நாலு கடைக்காரர்கள் கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் கேபிள் போட்டு ரன் பட்டனை அழுத்தி மதினி போனில் ஏற்றிவிட்டு வந்துவிடாதீர்கள். அப்படி ஏற்றும்போது ஸ்டூடியோ தானே உருவாக்கிய டீபக் கீயால் (சோதனைக்கான டிஜிட்டல் முத்திரை) ஆப்பில் கையெழுத்துப் போடுகிறது. அந்தக் கீ உங்கள் லேப்டாப்பில் மட்டும் இருக்கிறது. நாளைக்கு லேப்டாப்பை ஃபார்மேட் செய்தால் புதுக் கீ பிறக்கும், கையெழுத்து ஒத்துப்போகாது, பழைய ஆப்பின்மேல் புதியதை ஏற்ற ஆண்ட்ராய்டு மறுக்கும். பழையதை நீக்கிவிட்டு ஏற்று என்று சொல்லும். நீக்கினால் டேட்டாபேஸும் கூடவே போகும். எனவே முதல் நாளே சொந்தமாக ஒரு ரிலீஸ் கீ உருவாக்கி, அந்தக் கோப்பையும் பாஸ்வேர்டையும் லேப்டாப்புக்கு வெளியே இரண்டு இடத்தில் வையுங்கள். அந்தக் கீயால் செய்த ஏபிகேயை (போனில் நிறுவும் ஆப் கோப்பை) மதினிக்குக் கொடுங்கள்.

அடுத்தது டேபிள் மாற்றம். ஒரு மாதம் கழித்து "பின் கழுத்து டிசைன்" என்று ஒரு கட்டம் சேர்க்கத் தோன்றும். டேபிளை மாற்றினால் பதிப்பு எண்ணை ஏற்றி, பழையதிலிருந்து புதியதற்கு எப்படிப் போவது என்று மைகிரேஷன் எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஆப் திறக்கும்போதே விழும். நெட்டில் பார்த்தால் ஃபால்பேக் டு டிஸ்ட்ரக்டிவ் மைகிரேஷன் என்று ஒரு வரி கிடைக்கும், போட்டதும் ஆப் ஜம்மென்று திறக்கும். உள்ளே ஒரு பெயரும் இருக்காது. பெயரிலேயே டிஸ்ட்ரக்டிவ் என்று எழுதி ஒட்டியிருந்தும் வருடாவருடம் யாராவது போடுகிறார்கள்.

பேக்கப்: ஆண்ட்ராய்டு 6-லிருந்து தானியங்கி பேக்கப் உண்டு, ஒரு ஆப்புக்கு 25 எம்பி வரை அவருடைய கூகுள் கணக்கில் ஏறும். பொதுவாக வைஃபையும் போன் சும்மா கிடக்கும் நேரமும் கூடி வந்தால்தான் ஓடும், மதினி வீட்டில் வைஃபை இல்லையென்றால் அதை நம்பி உட்கார வேண்டாம். மெனுவில் "எல்லாவற்றையும் அனுப்பு" என்று ஒரு பட்டன் வைத்து, முழுப் பட்டியலையும் சிஎஸ்வி (கமாவால் பிரித்த பட்டியல்) கோப்பாக்கி வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்பும்படி செய்யுங்கள். எக்செலில் திறந்து பார்க்க உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழ் எழுத்து புரியாத குறிகளாகத் தெரிந்தால் கோப்பின் தொடக்கத்தில் யுடிஎஃப்-8 பிஓஎம் (இது யூனிகோடு எழுத்து என்று காட்டும் குறி) சேருங்கள்.

மதினி ஒரு மாதமாவது நோட்டிலும் எழுதட்டும், ஆப்பிலும் போடட்டும். எந்தக் கட்டத்தைத் தொடாமல் தாண்டிப் போகிறார், எதற்கு நோட்டை எடுக்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அடுத்த பதிப்புக்கு வேண்டிய வேலைப் பட்டியல் அங்கேயே கிடைத்துவிடும். சிஎஸ்வி எழுதுவதில் சிக்கினால் கோடை இங்கே ஒட்டுங்கள், வாடிக்கையாளர் பெயரையும் நம்பரையும் எடுத்துவிட்டு.